விண்கலம் கடந்த தூரம்: ஒற்றைச் சூத்திரமா, நாள்வாரி அட்டவணையா?

நின்ற நிலையிலிருந்து கிளம்பி முடுக்கம் மாறவில்லை என்றால் தூரம் = ½ × முடுக்கம் × நேரம்². பள்ளிக்கூடச் சூத்திரம்தான். நேரத்தை விநாடியில் போடாமல் நாளில் போட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

ஆனால் எஞ்சினில் மாறாமல் இருக்கக்கூடியது உந்துவிசை, முடுக்கம் அல்ல. எரிபொருள் தீரத் தீரக் கலம் இலேசாகி, முடுக்கம் ஏறும். நாசா 2007இல் ஏவிய டான் கலத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஏவும்போது எடை சுமார் 1,218 கிலோ. அயனி எஞ்சினின் உச்ச விசை 91 மில்லிநியூட்டன். முடுக்கம் 0.0000747 மீ/வி². நின்ற நிலையிலிருந்து முதல் நாளில் 279 கி.மீ. எரிபொருளான செனான் வாயுவின் செலவு நாளுக்குக் கால் கிலோதான் என்பதால் இந்தக் கணக்குக்குச் சூத்திரமே போதும்.

இதையே 1,000 நாளுக்கு நீட்டினால் சூத்திரம் 27.9 கோடி கி.மீ. காட்டும். குறைந்துபோன 250 கிலோவைக் கணக்கில் சேர்த்தால் 30 கோடி. இரண்டு கோடி கி.மீ.க்கு மேல் பிழை!

எடை குறையக் குறைய வேகம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும் ராக்கெட் சமன்பாட்டைத் தொகையிட்டாலும் அதே 30 கோடி வரும், அழகாகவே வரும். ஆனால் டான் ஓடியது சூரிய மின்சாரத்தில். சூரியனை விட்டுத் தூரம் போகப் போக விசை குறையும். விசை மாறிய அன்றே அந்தச் சமன்பாட்டைத் துண்டுபோட வேண்டும். அட்டவணையில் அந்த நாளின் கட்டத்தில் புது எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. அதனால் என் ஓட்டு அட்டவணைக்கே.

ஒரு நாளுக்கு ஒரு வரிசை. காலை எடையிலிருந்து 0.125 கிலோ கழித்தால் நடுப்பகல் எடை. விசையை அதால் வகுத்தால் முடுக்கம். அதை 86,400ஆல் பெருக்கித் தொடக்க வேகத்தோடு கூட்டினால் இறுதி வேகம். இரண்டு வேகங்களின் சராசரி × 86,400 தான் அன்றைய தூரம். சராசரிக்குப் பதில் தொடக்க வேகத்தை மட்டும் எடுத்தால் 1,000 நாளில் சுமார் 3 லட்சம் கி.மீ. குறையும், இறுதி வேகத்தை எடுத்தால் அவ்வளவே கூடும். முடுக்கத்தை 0.00007 என்று சுருக்கி எழுதினால் போச்சு, 6 சதவீதம் காலி.

ஒரு ஜி (பூமியில் விழும் பொருளின் முடுக்கம், சுமார் 9.8 மீ/வி²) முடுக்கத்தில் ஓராண்டு போகும் கற்பனைக் கலத்துக்கு இரண்டுமே உதவாது. சூத்திரம் 0.52 ஒளியாண்டு சொல்லும். சார்பியல்படி பூமியின் கடிகாரத்தில் 0.42தான்.

இன்னொன்று: மேலே சொன்னதெல்லாம் வெற்றுவெளிக் கணக்கு. பூமியின் தொலைவில் சூரியனின் இழுப்பு, டான் எஞ்சினின் முடுக்கத்தைப் போல் சுமார் 80 மடங்கு. உண்மையான பாதை வேண்டுமென்றால் அதே அட்டவணையில் மூன்று திசைகளுக்கும் தனித்தனி நிரல்கள் வேண்டும். கோளுக்கு அருகே ஒரு நாள் இடைவெளியும் மிக நீளம்.