மூன்று வயதுப் பிள்ளைக்குக் கைப்பேசியா, ஹால் டிவியா?

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி. மகளுக்கு மூன்று வயது. கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டியும் இருக்கிறேன், ஹாலில் டிவியைப் போட்டு ஊட்டியும் இருக்கிறேன். எல்லாம் திரைதானே என்பார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை.

கைப்பேசி கையில் இருந்தால் தட்டு சீக்கிரம் காலியாகும், சரி. ஒரு நாள் அவள் முகத்தையே கவனித்தேன். கரண்டி உதட்டில் பட்டதும் வாய் திறக்கிறது, சோறு மெல்லாமல் கன்னத்தில் அடைந்து கிடக்கிறது. சாம்பாரா ரசமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இப்படிச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்? திரை கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில். ஒரு காணொலி முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். பிடுங்கினால்தான் நிற்கும், பிடுங்கினால் அழுகை.

டிவி எட்டடி தள்ளி இருக்கிறது, கண்ணுக்கு அவ்வளவு சிரமமில்லை. அதைவிட முக்கியம், அவள் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். "யானை ஏம்மா அழுவுது?" என்று கேட்டாள். பதில் சொல்லப் போய், அம்மா யானை, குட்டி யானை என்று பேச்சு நீண்டது. சின்னப் பிள்ளைகள் எதிரில் இருக்கும் ஆளிடம் கற்கிற அளவுக்குத் திரையிடம் கற்பதில்லை. ஆனால் யாரும் பார்க்காமல் நாள் முழுக்க டிவி ஓடினால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். அது இன்னொரு கெடுதல்.

ஆகவே என் ஓட்டு டிவிக்கு, அதுவும் அளவோடு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. தைப்பிங்கில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

கிட்டப்பார்வைக்குப் பயந்தால் வெளியே கூட்டிப் போங்கள். தைவான் பள்ளிகள் 2010இலிருந்து நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விட்டன. பல வருடம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறை அங்கே இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. வேலை முடிந்து வந்து தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கு ஒரு நடை போகலாம்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் இரண்டும் கிடையாது. மழை பெய்கிற மாலையில் மட்டும் அரை மணி நேரம் டிவி, பக்கத்தில் நான்.