சாலையோரத்துக்கு எந்த மரம்: தைலமா, சைப்ரஸா, காட்டுப்பூவரசா?

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில் வண்டிகள் இரண்டாம் கியரில் முக்கி முனகிக் கக்கும் புகைக்கு முதல் பலி ஓர மரங்கள்தான். இலையுதிர் மரம் ஆண்டுக்கொருமுறை அழுக்கு இலையை உதறிவிடும். பசுமைமாறா மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

டீசல் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும், அவற்றிலிருந்து வெயிலில் உருவாகும் ஓசோனும் இலைத்துளை வழியே நுழைந்ததும் எதிர்த்து நிற்பது அஸ்கார்பிக் அமிலம். நெல்லிக்காயின் வைட்டமின் சி தான். அது கரைந்தால் பச்சையம் சிதையும். கந்தக டைஆக்சைடோ இலைக்குள் அமிலமாகி, பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தையே பிடுங்கிவிடும். 2020 ஏப்ரலில் கந்தகம் மிகக் குறைந்த பிஎஸ்-6 தர டீசல் வந்தபின் சாலைகளில் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனால் ஊட்டியில் மார்கழி உறைபனியும் மறுநாள் காலை வெயிலும் அதே வைட்டமின் கையிருப்பில்தான் கைவைக்கின்றன. ஆண்டிறுதி விடுமுறைக் கூட்டம் வருவதும் அப்போதுதான்.

எந்த மரம் தாங்கும் என்று கணிக்க ஒரு குறியீடு உண்டு. பச்சையத்தையும் இலைச்சாற்றின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் கூட்டி, அஸ்கார்பிக் அமில அளவால் பெருக்கி, இலையின் நீர்ச்சத்து விகிதத்தைச் சேர்த்து 10ஆல் வகுப்பார்கள். மரம் பிழைக்குமா என்பதை அது சொல்லும். காற்றுக்கு மரம் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. தைல மரத்தில் இந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். 1843 முதல் நீலகிரியில் வேரூன்றிய மரம். செங்குத்தாகத் தொங்கும் மெழுகிலையில் தூசி நிற்பதில்லை. ஆனால் அது வெளிவிடும் ஐசோபிரீன் என்னும் ஆவி, வண்டிப் புகையோடு வெயிலில் சேர்ந்தால் ஓசோனைக் கூட்டும். நெரிசல் சாலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தூசி பிடிக்க சைப்ரஸ் கெட்டிக்காரன். செதில் செதிலான இலைகளை விரலால் உருவினால் கரி ஒட்டும். இதுவும் வந்தேறிதான், ஆனால் சாலை விளிம்புக்கு என் வாக்கு இதற்கே. அடிக்கிளைகளை வெட்டாமல் விட்டால் போதும்.

காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், நீலகிரிச் சோலைக்காடுகளின் சொந்தக்காரன். தடித்த இலையைத் திருப்பினால் சுணை தெரியும். துளைகள் அந்தப் பக்கம் மட்டுமே என்பதால் மேலே விழும் தூசி அவற்றை அடைக்காது, வெளிச்சத்தைத்தான் மறைக்கும். வளர்ச்சியோ ஆமை வேகம். சைப்ரஸ் வரிசைக்குப் பின்னால், புல்வெளி ஓரமாக நடலாம்.