அந்த ‘பிறகு’ படத்தில் இருப்பது நான்தான்

திருச்சியில் எடை குறைக்கும் நிலையம் ஒன்றின் வரவேற்பறையில் ‘முன்’, ‘பிறகு’ என்று இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது நான். ‘பிறகு’ படம் எடுத்த வாரம் எனக்கு மாதவிடாய் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ராத்திரி சாப்பிட்டதை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. அந்தப் படத்தை நம்பிப் பணம் கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எத்தனை கிலோ குறைந்தேன், என்ன சாப்பிட்டேன் என்ற கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. நோயில் இருந்தபோது அப்படிப்பட்ட கணக்குகளைத்தான் தேடித் தேடிப் படித்தேன். படித்துவிட்டு என் அளவை இன்னும் குறைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் குந்தாணி. வீட்டில் யாரும் திட்டியதில்லை. ஆனால் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனால் ‘இவளுக்கு இது எடுக்காது’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணு லட்சணமா இருக்கா. கல்யாணத்துக்குள்ள உடம்ப மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கம்மா” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. அடுத்த வாரமே அந்த நிலையத்துக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் ‘டயட்டீஷியன்’ என்று அறிமுகம் செய்துகொண்டார். ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்தினார். 27 வயதான எனக்கு ‘உடல் வயது 41’ என்று ஒரு தாள் வந்தது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு, 24.8. பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஒபீஸ்’ (உடல் பருமன்) என்று எழுதினார். பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்: இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல்தான் உடல் பருமன். அந்தக் கோட்டைக்கூட நான் தாண்டவில்லை. ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. சர்க்கரை, தைராய்டு, மாதவிடாய் எதைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. அவர் கேட்டது கல்யாணத் தேதியை மட்டும்தான். மூன்று மாதத்தில் 12 கிலோ ‘கேரண்டி’ என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் ‘அழகுப் பராமரிப்புச் சேவை’ என்று போட்டிருந்தது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை எடை போடும் நாள். தனி அறையில் இல்லை, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் ஹாலில். எடையைச் சத்தமாகச் சொல்வார்கள். குறைந்திருந்தால் கைதட்டல். கூடியிருந்தால், “வீட்ல திருட்டுத்தனமா என்ன தின்னீங்க?” என்று கேட்பார்கள். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வரும். என் அம்மா வயதில் ஒருவர் அந்த ஹாலில் அழுதார். எடை ஏறியதற்காக இத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷியை அழவைக்கலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும்தான் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

முதல் வாரம் எடை நன்றாக இறங்கியது. பட்டினி போட்டால் முதலில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது எனக்குத் தெரியாது. உடம்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டிச் சூடு வைத்தால் குறைவதும் வியர்வைதான், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். மூன்றாவது மாதம் எடை நின்றது. அப்போது அங்கே வேலை செய்த ஒரு பெண் மெதுவாக, “வெள்ளிக்கிழமை ராத்திரி பேதி மாத்திரை போட்டுக்குங்க, எல்லாரும் பண்றதுதான்” என்றார்.

இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. இந்த மாத்திரைகள் வேலை செய்வது அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில். அதனால் வெளியே போவது கொழுப்பு இல்லை. தண்ணீரும் உப்புகளும்தான், முக்கியமாகப் பொட்டாசியம். வாந்தி எடுத்தாலும் அதே இழப்பு. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் இன்னும் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினேன். பகலெல்லாம் கட்டுப்பாடு. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து பழைய சோறு, ஜாம், கல்யாணப் பலகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த முந்திரி என்று கைக்கு வந்ததைச் சாப்பிடுவேன். ருசி தெரியாது. நிறுத்த முடியாது. பிறகு பாத்ரூம். காலையில் அம்மா “முந்திரி எங்கடி போச்சு?” என்று கேட்கும்போது உடம்பு கூசிப்போகும். இதே சமயத்தில்தான் தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் “எப்படி இளைச்சே? எங்களுக்கும் சொல்லேன்” என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பாராட்டு எப்போதும் கிடைத்ததில்லை.

கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். பல் கூசுகிறது என்று போயிருந்தேன். மேல் பற்களின் உட்பக்கம் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்தார், தாடை ஓரம் வீங்கியிருந்ததையும் தொட்டுப் பார்த்தார். உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, “அடிக்கடி வாந்தி எடுக்கிறீங்களாம்மா?” என்று கேட்டார். அவ்வளவு நாளும் யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன். அவர் சொல்லித்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொட்டாசியம் குறைந்திருந்தது. இரண்டு நாள் படுக்கையில் இருந்தேன், பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் புலிமியா: நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு எடை ஏறக்கூடாது என்று வாந்தி எடுப்பது மாதிரியான வழிகளில் அதை வெளியேற்றப் பார்ப்பது. 1979இலேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்ட நோய். இதில் பெரும்பாலும் எடை சாதாரணமாகவே இருக்கும் என்பதால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்றார் அங்கிருந்த டாக்டர்.

“எனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல டாக்டர்” என்று அவரிடம் சொன்னேன். பதிலுக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நாள் முழுக்க சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. “பட்டினி போட்ட எந்த உடம்பும் இதைத்தான் செய்யும்” என்றார். ஃப்ரிட்ஜ் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகளுக்காக என்னையே வெறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வெறுப்பு கொஞ்சம் இறங்கியது அன்றைக்குத்தான்.

குணமாக ஒன்றரை வருஷம் ஆனது. மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது நேரத்துக்கு மூன்று வேளை சாப்பிடுவதுதான். முதல் முறை முழுசாக இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்காமல் இருக்க அம்மா ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தாள். என் உடம்பைப் பிடிக்கிறது என்று இன்றைக்கும் எல்லா நாளும் சொல்ல முடியாது. ஆனால் அதைத் திட்டுவதில்லை. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளை எல்லாம் பிரித்துவிட்டேன். இப்போதைய அளவுக்குப் புதிதாகத் தைத்துக்கொண்டேன்.

இனி பண விஷயம். ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருந்ததைக் காட்டி என்னை அனுப்பிவிட்டார்கள். அப்படி அச்சடித்துவிட்டால் மட்டும் தப்பிவிட முடியாது. சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் கொடுத்தேன். இரண்டாவது தவணைப் பணம் திரும்பி வந்தது. முதல் தவணைக்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். உடல் பருமனைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954 முதல் இருக்கிறது. ஆகவே பொடி, கேப்சூல் என்று விற்றால் அந்த டப்பாவையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பில், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அந்தக் குழுவிலிருந்து வெளியேறி எல்லாவற்றையும் நான் அழித்துவிட்டேன், அதனால் நிறையச் சிரமப்பட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போகிறார்களா, சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கிறார்களா, எப்போதும் எடை போட்டுப் பார்க்கிறார்களா? திட்டாமல், தனியாகக் கூப்பிட்டு அந்தப் பல் டாக்டர் மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள். 14416 என்ற மனநல உதவி எண் எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். மயக்கம், படபடப்பு என்றால் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் படத்தை எடுக்கச் சொல்லி அந்த நிலையத்துக்கு இரண்டு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். போன மாதம் பஸ்ஸில் போகும்போது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இன்னும் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.