மண்ணிக்கவும்: ஒரு நினைவு மலரும் அதை அச்சிட்ட அச்சகமும்

இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்துச் சென்ற எங்கள் பள்ளியின் உயிரியல் பிரிவு மாணவர்கள் 58 பேருக்காக, சிவகாசியிலுள்ள ஓர் அச்சகத்தில் நினைவு மலர் ஒன்றை அச்சிட்டோம். வார இதழ் அளவில் 48 பக்கங்கள், முழுவதும் பல வண்ணம், உள்ளே 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) பளபளப்பான ஆர்ட் தாள், மேலட்டைக்கு 300 ஜிஎஸ்எம் அட்டையும் மேட் லேமினேஷனும், முதுகு ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங் என்பது ஒப்பந்தம். மாணவர்களுக்கு 58, ஆசிரியர்களுக்கு 11, நூலகம், அலுவலகம், தலைமையாசிரியர் அறை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று என 72 பிரதிகள். பிரதிக்கு 240 ரூபாய் வீதம் 17,280 ரூபாய் ஆயிற்று. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அச்சகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதுபோன்ற மலரை வேறு அச்சகத்தில் அச்சிட நினைக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் இக்குறிப்புகள் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் பிளஸ் டூ படித்த காலத்தில் மொத்த மதிப்பெண் 1200. அப்போது பிரிவின் அடையாளம், பக்கத்துக்கு ஒரு நிறமாக நீளவாக்கில் தைத்த ஆட்டோகிராஃப் நோட்டு ஒன்றுதான். கடல், படகு, நட்பு என்னும் மூன்று சொற்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் அதில் ஒரு கவிதை தேறிவிடும். கடைசித் தேர்வன்று சட்டையில் மை தெளித்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சட்டையை வீட்டில் காட்ட முடியாது என்பதால் அதை நினைவுப் பொருள் என்று சொல்வதற்கில்லை. பின்னர் ஸ்லாம் புக் வந்தது, மொத்த மதிப்பெண் 600 ஆயிற்று, எல்லாம் கைப்பேசிக்குள் போயிற்று. 2021-இல் பொதுத்தேர்வே இரத்தானபோது, எங்கள் மாணவர்கள் பிரிவு விழாவோ குழுப் படமோ இல்லாமல், முகக்கவசத்துடன் ஒவ்வொருவராக வந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிச் சென்றார்கள். அதைப் பார்த்த பிறகுதான், கையில் பிடிக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று ஆண்டுதோறும் மலர் போடத் தொடங்கினோம். முதல் மலர்களை உள்ளூர் ஜெராக்ஸ் கடையிலேயே அடித்துப் பின் போட்டுக்கொண்டோம். அச்சகத்துக்குப் போனது இதுவே முதல் முறை.

அச்சின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. பள்ளிச் சீருடையின் பழுப்பு நிறம் பழுப்பாகவே வந்திருக்கிறது. இது சிறிய விஷயமன்று, ஜெராக்ஸ் கடை மலர்களில் எங்கள் மாணவர்கள் ஆண்டுக்கொரு நிறத்தில் சீருடை அணிந்திருந்தார்கள். அட்டை வளையவில்லை, விளிம்புகள் நேராக வெட்டப்பட்டுள்ளன, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே கட்டுகள் பேருந்தில் வந்து சேர்ந்தன. காலண்டர், டைரி வேலைகள் ஓய்ந்த பிப்ரவரியில் கொடுத்தது நல்லதாயிற்று.

உள்ளடக்கம் முழுவதும் மாணவர்களுடையது. அதில் இரண்டு பகுதிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பொதுத்தேர்வு வேதியியல் வினாத்தாளின் அமைப்பில் அவர்கள் தயாரித்த வினாத்தாள். 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், ஒன்பதில் ஆறுக்கு விடையளிக்கும் இரண்டு மதிப்பெண் பகுதி என்று அசலைப் பிசகாமல் பின்பற்றியிருந்தார்கள். ‘நேரம்: இரண்டு ஆண்டுகள்’ என்று தொடங்கும் அத்தாளில், மதிய இடைவேளைக்கு முன்பே காலியாகும் எலுமிச்சைச் சாத டப்பாவுக்குக் காரணமானவர் யார் என்ற வினாவுக்கு, ‘மேற்கண்ட அனைவரும்’ என்பது நான்காவது விடை. கட்டாய வினாவாகிய 24-ஆவது வினா இது: ‘விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் உள்ள படங்களை வரைந்தது நீயா, உன் அக்காவா என்பதைத் தக்க சான்றுடன் நிறுவுக.’ இதற்கு வகுப்பில் குறைந்தது பத்துப் பேராவது விடையளிக்க முடியாது என்பது விலங்கியல் ஆசிரியரின் கணிப்பு. இரண்டாவது, ஒரே மாணவனின் விடுப்பு விண்ணப்பங்களைத் தேதிவாரியாக அடுக்கிய பக்கம். ஜூலையிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் இயற்கை எய்திய அவனுடைய பாட்டிக்கு, ஜனவரியில் எண்பதாம் கல்யாணம் நடந்திருக்கிறது. மூன்று நாள் விடுப்பு. அனுமதித்துக் கையொப்பமிட்டவன் நான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். மாணவர்கள் கைப்பேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்ததை, அச்சகத்தில் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் என்னும் பழைய மென்பொருளில் பக்கம் அமைக்கிறார்கள். அந்த மாற்றத்தில் கொம்புகள் வரியின் முடிவில் தனித்து நிற்பதும், அவற்றுக்குரிய எழுத்து அடுத்த வரியில் தலைகாட்டுவதும், புள்ளிகள் காணாமற் போவதும் நிகழ்கின்றன. மெய்ப்பைத் தாளில் அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் சிறு படங்களாக அனுப்பியதால் பலவற்றை நாங்கள் பிடிக்கவில்லை. தலைமையாசிரியரின் வாழ்த்துரையில் ‘மாணவச் செல்வங்களே’ என்பது ‘மாணவச் செலவங்களே’ என்று வந்துவிட்டது. கட்டணம் வசூலித்த கையோடு வந்த மலர் என்பதால், இதை வேண்டுமென்றே செய்த நகைச்சுவை என்று எண்ணி மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நடு இரு பக்கங்களில் விரியும் குழுப் படத்துக்கு நேர்ந்தது வேறு. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஒட்டிய முதுகுக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மறைந்துவிடும் என்பதைப் பக்கம் அமைப்பவர் கணக்கில் கொள்ளவில்லை. குழுப் படத்தில் நடு நாற்காலி யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் ஒரு கண்ணாடிச் சில்லு இடப் பக்கத்திலும் மற்றது வலப் பக்கத்திலும் இருக்க, மூக்கு பைண்டிங்குக்குள் போய்விட்டது. அவருக்குப் பின்வரிசையில் நின்ற மூன்று மாணவர்களும் அவ்வாறே மறைந்தார்கள். நடு மடிப்பில் பின் அடிக்கும் நடுப்பின் முறையில் தைத்திருந்தால் படம் தட்டையாக விரிந்திருக்கும். 48 பக்கங்களுக்கு அதுவே போதுமானது, செலவும் குறைவு.

இவற்றைவிடப் பெரிய குறை, கடைசியில் கையெழுத்துக்காக விட்ட எட்டு வெற்றுப் பக்கங்களும் அதே ஆர்ட் தாளில் இருந்தது. ஆர்ட் தாள் படத்துக்கு உகந்தது. ஜெல் பேனா மையை அது உறிஞ்சுவதில்லை. பிரிவு உபசார விழா முடிந்த மாலையில், ஒவ்வொருவரும் எழுதி வாங்கிய பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு, பால் ஆற்றுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தார்கள். இடக்கையால் எழுதும் மாணவி ஒருத்தி எழுதிய நான்கு வரியில் மூன்றைத் தன் சுண்டுவிரலால் தானே துடைத்துவிட்டாள். இந்த எட்டுப் பக்கங்களை மட்டும், மையை உறிஞ்சும் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் வைத்திருந்தால் போதும். படிவத்தில் அப்படியொரு தேர்வே இல்லை. கேட்டிருந்தால் செய்திருப்போம் என்று பின்னர் சொன்னார்கள். வெற்றுப் பக்கம் எதற்கு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும், நானும் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல, சற்று முன்கதை தேவைப்படுகிறது. இந்த வகுப்புக்கு நான் தமிழாசிரியர். இவர்களில் பெரும்பாலோர் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதலாக ‘மன்னிக்கவும்’ என்பதை ‘மண்ணிக்கவும்’ என்றே எழுதினார்கள். அவ்வாறு எழுதிய ஒவ்வோர் இடத்திலும் நான் சிவப்பு மையில் ‘எந்த மண்ணில்?’ என்று ஓரத்தில் எழுதி வந்தேன். மலரின் கடைசிப் பக்கத்தை எனக்குக் காட்டாமல் மாணவர்களே நேரடியாக அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் பெரிய எழுத்தில் ‘மண்ணிக்கவும், ஐயா’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘எந்த மண்ணில் என்று கேட்காதீர்கள், இந்தப் பள்ளி மண்ணில்தான்’ என்றும், அதற்கும் கீழே 58 பேரின் கையொப்பமும்.

வாழ்த்துரையில் புள்ளி போனதைக் கவனிக்காத அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர், இந்தப் பக்கத்தில் விழித்துக்கொண்டார். ‘மன்னிக்கவும், ஐயா’ என்று மிகச் சரியாகத் திருத்தி, அடுத்த வரியை அப்படியே விட்டுவிட்டார். விளைவாக, எதற்கும் பொருள் இல்லாத ஒரு பக்கம் 72 பிரதிகளில் அழகான வண்ணத்தில் அச்சாகி வந்தது.

நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது உரிமையாளருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “சார், தப்பைத் திருத்தினதுக்கா கோவிச்சுக்கிறீங்க? புரூஃப் பார்த்ததுக்குத் தனியா காசுகூட வாங்கலையே” என்றார். 22 ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நான், எழுத்துப்பிழையைப் பிழையாகவே அச்சிட்டிருக்க வேண்டும் என்று அவரிடம் எப்படி வாதாடுவது? அவர் தயங்காமல் அடுத்த பில்லில் ஆயிரம் ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மாணவர்கள் என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள். விழா அன்று காலை, வேப்பமரத்தடியில் எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் போட்டுக்கொண்டு, சிடி மார்க்கரால் ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு சுழி ‘ன’ இரண்டையும் மூன்று சுழி ‘ண’ ஆக்கினார்கள். ஆர்ட் தாளில் நிலைத்து நிற்பது சிடி மார்க்கர் மட்டுமே என்பது அன்று மாலையில்தான் எங்களுக்குப் புரிந்தது. பிரதிக்கு இரண்டாக 144 சுழிகள். இரண்டு ஆண்டுகளாக நான் அடித்துவந்த சுழிகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். என் பிரதியில் மட்டும் நான்கைந்து பேர் போட்டியிட்டு எழுதியதில் ‘ண்’ என்பது நான்கு சுழியுடன் இருக்கிறது.

ஆகவே, இந்த அச்சகத்தைப் பரிந்துரைக்கிறேனா என்றால், நிபந்தனைகளுடன் பரிந்துரைக்கிறேன். இந்த விலைக்கு இந்த வண்ணத் தரம் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. ஆனால் யூனிகோடிலேயே பக்கம் அமைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். தாளில் எடுத்த மெய்ப்பை வரவழைத்துக் கையொப்பமிட்ட பிறகே அச்சுக்கு விடுங்கள். குழுப் படத்தை ஒரே பக்கத்தில் குறுக்கே வையுங்கள். நடுப்பின் தையலையே கேளுங்கள். அப்படித் தைத்தால் கடைசி எட்டுப் பக்கங்களின் தாளை மட்டும் மாற்ற இயலாது என்பதால், கையெழுத்துப் பக்கங்களை மேப்லித்தோவில் தனிச் சிறு ஏடாகத் தைத்து உள்ளே செருகித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு மலரையும் இவர்களிடமே கொடுப்பதாக இருக்கிறேன். நகைச்சுவைப் பக்கங்களை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பாமல், மாணவர்களின் கையால் எழுதவைத்து ஸ்கேன் செய்த படங்களாக அனுப்பப் போகிறேன். படத்தில் இருப்பதை யாரும் திருத்த முடியாது.