இரண்டாம் உலகப்போர்க் கத்தி என்று நம்பி 385 டாலர் போச்சு: கண்காட்சியில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

போன சனிக்கிழமை வாங்கினேன். செவ்வாய் இரவு உடைந்தது. இன்று மறுபடியும் சனிக்கிழமை, 385 டாலரில் ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அதே ஆள் அடுத்த கண்காட்சியிலும் மேசை போடத்தான் போகிறார்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே பாஸ்ட்ராப் பக்கம். ஆறு ஏக்கர் நிலம். காட்டுப்பன்றித் தொல்லை என்றால் என்னவென்று இந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் காட்டில் பெருகின. 1930-களில் வேட்டைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியை இறக்கினார்கள், இரண்டும் கலந்தன. இன்று இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமமே வேண்டாம் என்று 2019-இல் சட்டத்தையே மாற்றினார்கள், அவ்வளவு சேதம். காலையில் எழுந்து பார்த்தால் இரவோடு இரவாக யாரோ ஏர் ஓட்டிவிட்டுப் போன மாதிரி நிலம் புரண்டு கிடக்கும். அப்பா ஆசையாகப் போட்ட நிலக்கடலைப் பாத்தி இரண்டே இரவில் போய்விட்டது.

பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனிதர், தன்னுடைய கம்பிப் பட்டியைக் கடன் கொடுத்தார். பட்டி என்றால் வட்டமாக நிறுத்திய கம்பிவலை, மேலிருந்து விழும் கதவு. கதவைக் கயிற்றில் தூக்கிக் கட்டிவிட்டு உள்ளே தினமும் மக்காச்சோளம் போட வேண்டும். கூட்டம் மொத்தமும் பயம் தெளிந்து உள்ளே வரும்வரை கதவை இறக்கக் கூடாது. பாதி பிடித்துப் பாதி தப்பினால், தப்பியது மறுபடி பட்டிப் பக்கமே வராது. பதினாறு இரவு சோளம் போட்டேன். பதினொரு பன்றிகள் பழகிவிட்டன. இனிக் கதவை இறக்க வேண்டியதுதான் என்ற நிலையில்தான் அந்தக் கண்காட்சிக்குப் போனேன்.

துப்பாக்கியும் கத்தியும் விற்கும் வார இறுதிக் கண்காட்சி அது. பெரிய கொட்டகை, வரிசை வரிசையாக மேசைகள். எனக்கு வேண்டியது கயிறு, வலை அறுக்கவும், பிடித்த பன்றியைப் பக்குவம் பண்ணவும் ஒரு கனமான கத்தி, அவ்வளவுதான். ஒரு மேசையில் நின்றேன். அறுபதைத் தாண்டிய மனிதர், ராணுவத் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. விலையைச் சொல்லவில்லை, முதலில் என்னைப் பேச விட்டார். என்ன பயிர், எத்தனை பன்றி, குட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டி, பன்றி கிழித்தது என்றார். ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த தோல் இருக்கும், சாதாரணக் கத்தி அதில் ஏறாது என்றார். அது உண்மைதான், நானும் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு உண்மையைச் சொன்னதால் அடுத்து அவர் சொன்னதையெல்லாம் நம்பிவிட்டேன்.

அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "இதை எல்லோருக்கும் காட்டுவதில்லை" என்று சொல்லி, துணியைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏழு அங்குல அலகு, கறுப்புப் பூச்சு, தோல் வளையங்களை அடுக்கிய பிடி, அலகின் அடியில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையைக் குறிக்கும் USMC என்ற நான்கு எழுத்து. பசிபிக் போர்முனைக்குப் போய் வந்த அசல், தன் தகப்பனாரின் தோழருடையது என்றார். ஒரு தாளை எடுத்து நீளமாகச் சீவிக் காட்டினார். 450 டாலர், நிலத்தோடு போராடுகிற ஆள் என்பதால் எனக்கு மட்டும் 385 என்றார். தோளில் கைவைத்து அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை, போனிலேயே அனுப்பிவிடுங்கள், நண்பருக்கு அனுப்புவதாகப் போட்டால் கட்டணம் பிடிக்காது என்றார். அப்படியே அனுப்பினேன். ஒரு சீட்டு எழுதி மடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்தேன்.

வீட்டில் அப்பா அதை வாங்கி, ஒரு கையில் அலகையும் ஒரு கையில் பிடியையும் பிடித்து லேசாக அசைத்தார். "தம்பி, பிடி ஆடுதுடா" என்றார். "எண்பது வருசத்துப் பொருள்ப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்தேன். ஊரில் மலையடிவாரத்தில் காலமெல்லாம் பன்றியை விரட்டிக் கடலை போட்டவர் அவர். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய் இரவு பதினொரு பன்றியும் உள்ளே. அப்பா விளக்கை அணைத்துவிட்டு டிரக்கில் இருந்தார். கதவுக் கயிற்றை அவிழ்க்கப் போனால், பனியில் நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. சரி, அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். தாளைச் சீவிய அந்தக் கத்தி விரல் தடிமன் நைலான் கயிற்றில் வழுக்கியது. கறுப்புப் பூச்சு உரிந்து கயிற்றில் ஒட்டியது. அழுத்தி இழுத்தேன், அலகு வளைந்தது. இன்னும் ஒரு இழுப்பு, பிடியிலிருந்து பட்டென்று முறிந்து விழுந்தது. அந்தச் சத்தம் போதும். பதினொன்றும் ஒரே பாய்ச்சலில் திறந்த கதவு வழியாக வெளியே. பெரிய ஆண் பன்றி பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். அது பட்டிக்குள் இல்லை, எனக்குப் பின்னால் புதரில் நின்றிருக்கிறது. புதர் முறியும் சத்தம் கேட்டுத் திரும்பினால், இரண்டு கஜ தூரத்தில் வருகிறது. கையில் வெறும் பிடி. டிரக்கின் பின்பக்கம் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. முழங்காலில் அடி, உயிர் பிழைத்தேன். அப்பா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

காலையில் பிடியைப் பிளந்து பார்த்தோம். அசலில் அலகின் இரும்பு பிடிக்குள் முழு நீளமும் ஓடி, அடியில் உள்ள மூடியோடு சேர்ந்து நிற்கும். இதில் அலகு பிடிக்குள் கட்டைவிரல் அகலம்கூட நுழையவில்லை. அதன் முனையில் பென்சில் தடிமனுக்கு ஒரு மரையாணியைப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்று விட்டுவிட்டது. தோல் வளையம் என்று பார்த்ததெல்லாம் அழுத்திய அட்டை, சாயம் என் உள்ளங்கையில் பழுப்பாக ஒட்டியிருந்தது. 1942-இல் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட அந்தக் கத்தி, பெட்டி உடைப்பது முதல் குழி தோண்டுவது வரை எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. வீரர்கள் நம்பிக் கையில் எடுத்த ஒரு கருவியின் பெயரில் இதை விற்றிருக்கிறார். சட்டைப்பைச் சீட்டை அப்போதுதான் பிரித்தேன். "ராணுவ பாணி கத்தி, அலங்காரப் பொருள்" என்று எழுதியிருந்தது. அசல் என்ற சொல்லே இல்லை.

புதன் காலை அவருக்குப் போன் செய்தேன். நல்ல குரலில்தான் பேசினார். "அடடா, நான் இப்போது பயணத்தில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். குரலே மாறிவிட்டது. அது சுவரில் மாட்டும் பொருள், அதை வைத்து ஏன் கயிறு அறுத்தீர்கள் என்று என்னையே கேட்டார். பன்றிக்கென்று விற்றவர் அவர்! அப்புறம் குறுஞ்செய்திக்குப் பதில் இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார். கண்காட்சி நடத்துபவர்கள், நாங்கள் மேசையை வாடகைக்கு விடுகிறோம், விற்பனைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். பணம் அனுப்பும் செயலியில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினால், நண்பருக்கு என்று நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், 385 டாலரைத் திருப்ப வழியில்லை என்று ஒரே வரி.

வெள்ளி இரவு என் மனைவி தேடிக் கண்டுபிடித்ததுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் (FTC) விதி ஒன்று இருக்கிறது. கண்காட்சி மாதிரித் தற்காலிக இடங்களில் 130 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால், பொதுவாக மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். அந்த உரிமையைச் சொல்லி, ரத்துப் படிவம் இரண்டு பிரதி கொடுக்க வேண்டியது விற்பவர் கடமை. எனக்கு ஒரு படிவமும் வரவில்லை. சனிக்கிழமை வாங்கியதற்கு மூன்றாவது வேலைநாள் புதன். "என்னங்க, அந்தாளு வெள்ளிக்கிழமை கூப்பிடச் சொன்னது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. படிவம் தராததைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கும் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இன்று காலை புகார் அனுப்பிவிட்டேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், முழங்கால் வலியில் உட்கார முடியவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடி மூடியைத் திருகிப் பாருங்கள், மரையில் கழன்று வந்தால் அந்த மாதிரிக் கத்தியை வாங்காதீர்கள். பிடி துளி ஆடினாலும் வேண்டாம். அசல் என்றால் சீட்டில் அசல் என்று எழுதச் சொல்லுங்கள், அங்கேயே படியுங்கள். நண்பருக்கு அனுப்புவதாகப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள், கடன் அட்டை எடுக்காத மேசையில் 385 டாலருக்குப் பொருள் வாங்காதீர்கள். ரத்துப் படிவம் கேளுங்கள். கத்தியை நம்பிப் பன்றிக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

அடுத்த கண்காட்சி இரண்டு வாரத்தில் அதே கொட்டகையில். அவர் மேசை நுழைவாயிலுக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசை, சுவரோரம். எண்ணெய்த் துணி மேசைக்கு அடியில் இருக்கும்.