நாலு புராஜெக்ட், ஒரே டெஸ்ட் கேஸ்: மேனுவல் டெஸ்டிங் கணக்குக்கு எந்த மென்பொருள்?

குழித்துறையில் காலையில் ரயிலேறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி கழக்கூட்டத்தில் இறங்கும் டெஸ்டர்களில் நானும் ஒருவன். எங்கள் டீமில் ஆறு பேர், கையில் நாலு புராஜெக்ட். நாலிலும் ஆட்களின் பெயரை மலையாளத்திலும் தமிழிலும் உள்ளிட்டுத் தேட வேண்டும். கையால் செய்யும் சோதனைகளையும் அவற்றின் முடிவுகளையும் பதிந்து வைக்க எந்த மென்பொருள் எங்களுக்குச் சரிப்படும் என்பதை ஒரே ஒரு டெஸ்ட் கேஸை (எதை, எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதிய குறிப்பு) வைத்துத்தான் முடிவு செய்தோம்.

அந்தக் கேஸ் இது. அனில் என்ற பெயர் மலையாளத்தில் சில்லெழுத்தில், அதாவது தனி வடிவம் கொண்ட மெய்யெழுத்தில் முடியும். 2008இல், எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோட் தரத்தின் 5.1 பதிப்பு வந்தபோதுதான் சில்லுக்குத் தனிக் குறியெண் கிடைத்தது. அதற்கு முன் ல, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி என மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பழைய டேட்டாவில் மூன்றாக இருக்கும். புதிய கீபோர்டில் அடித்தால் ஒன்றாக வரும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியெண் வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் நார்மலைசேஷனும் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. புரோகிராமில் தனியாக மாற்றித்தான் ஆக வேண்டும். பெயர் தேடும் இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம், ஒவ்வொரு பில்டிலும் (சோதனைக்கு வரும் ஒவ்வொரு புதிய பிரதியிலும்), இதைக் கையால் அடித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கூகுள் ஷீட்தான் வைத்திருந்தோம். புராஜெக்டுக்கு ஒரு ஷீட், அதில் பாஸ் அல்லது ஃபெயில் என்று குறிக்க ஒரு நெடுவரிசை. ஒரு ரிலீஸுக்கு மறுநாள், பெயர் தேடினால் வரவில்லை என்று கிளையன்டிடமிருந்து போன் வந்தது. ஷீட்டைத் திறந்தால் பச்சை நிறத்தில் பாஸ். பக்கத்து சீட் மலையாளிப் பையன், "சேட்டா, இது ஏது பில்டில் பார்த்தது?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை. வெர்ஷன் ஹிஸ்டரியைத் தோண்டிப் பார்த்தால், மூன்று பில்டுக்கு முன்னால் போட்ட பாஸ் அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு டெஸ்டர், ஒரு புராஜெக்ட், ஐம்பது கேஸ் என்றால் ஷீட் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் கேஸ் தனி, அதை ஓட்டிப் பார்த்த முடிவு தனி என்று இரண்டையும் பிரித்து வைக்கிற மென்பொருள் வேண்டும். கீழே சொல்லும் நாலு மென்பொருளுமே அதைச் செய்கின்றன. ஒரே கேஸ் பல புராஜெக்டுக்குப் போகும்போதுதான் அவற்றின் குணம் வெளிப்படுகிறது.

டெஸ்ட்லிங்க் இலவசம், பிஎச்பியில் எழுதியது. பழைய டெஸ்டர்கள் பலருக்கும் கைவந்தது. பிளான் (எந்தெந்தக் கேஸ்களை ஓட்டுவது என்ற திட்டம்), பில்ட், யாருக்கு எந்தக் கேஸ் என்ற ஒதுக்கீடு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புராஜெக்டும் தனித் தீவு. சில்லு கேஸை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து அடுத்த புராஜெக்டில் ஏற்றலாம். ஏற்றியதும் அது வேறு பிரதி. ஒன்றில் ஒரு ஸ்டெப்பைத் திருத்தினால் மற்ற மூன்றும் பழையபடி நிற்கும். திரையும் பழைய காலத்துத் திரை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், புதிதாக யாரும் தொடங்க வேண்டாம் என்பேன்.

டெஸ்ட்ரெயில் கைக்கு மிக இதமானது. பாஸ், ஃபெயில் மட்டுமல்லாமல் பிளாக்டு (இப்போது சோதிக்க முடியவில்லை), ரீடெஸ்ட் (மறுபடி சோதிக்க வேண்டும்) என்ற நிலைகளும் முதலிலேயே இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதிலும் கேஸ் ஒரு புராஜெக்டுக்குள்தான் இருக்கும். வேறு புராஜெக்டுக்குக் காப்பி செய்யலாம், அவ்வளவே. நாலையும் ஒரே புராஜெக்டாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட் (கேஸ்களின் தொகுப்பு) பிரித்து, ஒரு டெஸ்ட் பிளானுக்குள் பல சூட்டின் ரன்களை, அதாவது ஓட்டிப் பார்க்கும் சுற்றுகளைச் சேர்ப்பது ஒரு வழி. அப்போது நாலின் நிலையும் ஒரே பக்கத்தில் தெரியும். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆறு பேருக்கு அது தாங்கும். டெவலப்பர், மேனேஜர் எல்லோருக்கும் லாகின் கொடுக்கத் தொடங்கினால் ஏறிக்கொண்டே போகும்.

எக்ஸ்ரே, வேலைகளையும் பக்குகளையும் பதியும் ஜிரா என்ற மென்பொருளுக்குள்ளேயே உட்காரும். டெஸ்ட் என்பதே ஒரு ஜிரா இஷ்யூ (ஜிராவில் பதியும் ஓர் உருப்படி) என்பதால், ஒரு புராஜெக்டின் எக்ஸிகியூஷனில் (ஓட்டிப் பார்க்கும் சுற்றில்) இன்னொரு புராஜெக்டின் டெஸ்ட்டைச் சேர்த்து ஓட்ட முடிகிறது. சில்லு கேஸ் ஒரே இடத்தில் இருக்கும், நாலு புராஜெக்டும் அதையே எடுக்கும். ஃபெயில் ஆனால் பக்கும் அங்கேயே இணைந்துவிடும். எங்கள் தேவைக்கு இதுதான் மிகக் கச்சிதம். ஆனால் இத்தகைய ஜிரா ஆப்களுக்கு டெஸ்டர்களை மட்டும் எண்ணிப் பணம் கட்ட முடியாது. ஜிராவில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கட்ட வேண்டும். ஐந்து டெஸ்டர், நாற்பது டெவலப்பர் என்றால் நாற்பத்தைந்துக்கும். ஜிரா கிளையன்டுடையது, பணமும் அவர்களுடையது என்றால் யோசிக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கிவி டிசிஎம்எஸ் இலவசம், மென்பொருளைப் பொதியாக நிறுவ உதவும் டாக்கரில் நம் சர்வரிலேயே ஏற்றிவிடலாம். ரெட் ஹாட் நிறுவனத்தில் உருவான நைட்ரேட் என்ற டெஸ்ட் மென்பொருளிலிருந்து கிளைத்தது. புராடக்ட், வெர்ஷன், பில்ட் என்ற வரிசையை முதலிலேயே கேட்டு வாங்குகிறது. பில்ட் சொல்லாமல் ரன் தொடங்க விடாது. அன்றைக்கு எங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு கேள்விதான். ஒரு கேஸைப் பல பிளானில் சேர்க்கலாம் என்பதால் பொதுவான கேஸ்களுக்கு ஒரு புராடக்ட் வைத்திருக்கிறோம். சர்வரையும் பேக்கப்பையும் நாமே பார்க்க வேண்டும் என்பது உண்மையான சுமை. டீமில் லினக்ஸ் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் டெஸ்ட்ரெயிலுக்கே போங்கள்.

நாங்கள் கிவியில் இருக்கிறோம். கிளையன்டின் ஜிராவில் எக்ஸ்ரே இருக்கும் ஒரு புராஜெக்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். முடிவு செய்யும் முன் ஒவ்வொன்றிலும் இருபது பழைய கேஸை ஏற்றி, இரண்டு பில்டுக்கு ஓட்டினோம். பிறகு சில்லு கேஸில் ஒரு ஸ்டெப்பை மாற்றிவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டோம்: மாற்றம் மற்ற புராஜெக்டில் தெரிகிறதா, முதல் பில்டின் முடிவு கலையாமல் இருக்கிறதா. இதற்கு ஒரு வாரம் பிடித்தது.

இப்போது அந்தக் கேஸில் பெயரின் இரண்டு வடிவங்களையும் நேராகவே எழுதி வைத்திருக்கிறோம், ஒன்று பழைய குறியெண்களில், ஒன்று புதியதில். காப்பி செய்து ஒட்டுவதால் மாறிவிடக்கூடாது என்று பக்கத்திலேயே குறியெண்களும் இருக்கின்றன.