38,500 ரூபாய்க்கு ஒரு ஜோடி கம்பூட்: பனிமலைப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

மணாலியிலிருந்து ஊர் திரும்பி நான்கு நாட்கள் ஆகின்றன. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன். ஆறு நாள் குளிர்கால மலையேற்றப் பயிற்சிக்கென்று நான் கட்டிய தொகை 38,500 ரூபாய். தில்லி வரையிலான விமானக் கட்டணமும், அங்கிருந்து இரவெல்லாம் போகும் வால்வோ பேருந்தின் கட்டணமும் இதில் சேராது. மலைப்பயணங்களைத் தொகுத்து விற்கும் ஓர் இணையதளத்தின் வழியாக, மணாலியில் இயங்குவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு தனியார் குழுவிடம் பதிவு செய்தேன். பெயரை வெளியிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று மின்னஞ்சலில் மிரட்டியிருப்பதால் (இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் பத்தே நிமிடத்தில் வந்தது) பெயரை எழுதவில்லை.

சென்ற குளிர்காலத்தில் உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறி இறங்கும்போது, இறுகிக் கண்ணாடியாகிவிட்ட பனியில் கால் வழுக்கி, நிறுத்த வழியில்லாமல் சறுக்கிக்கொண்டே போனேன். கையிலிருந்த ஊன்றுகோல் எதற்கும் உதவவில்லை. கீழே நின்ற வழிகாட்டி குறுக்கே பாய்ந்து பிடித்ததால் தப்பினேன். விழுந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரியாமல் இனிப் பனிமலைக்குப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் உள்ள பெரிய பயிற்சி நிறுவனங்களின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும்; பள்ளி ஆசிரியைக்குப் பிப்ரவரியில் அத்தனை நாள் விடுப்பு யார் தருவார்கள்? அந்தச் சமயத்தில்தான் இவர்களுடைய ஆறு நாள் விளம்பரம் கண்ணில் பட்டது. கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் உலோக முட்சட்டம்) கட்டி நடப்பது, பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது, கயிற்றில் இணைந்து ஏறுவது, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடுவது ஆகிய அனைத்தும் அதில் இருந்தன.

ஆயினும் விளம்பரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டும் ஆள் நானல்ல. தளத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இளைஞர் அழைத்து, நாற்பது நிமிடம் தமிழிலேயே பேசினார். “அக்கா, பாதத்தைக் காலையில் அளக்காதீர்கள், மாலையில் அளந்து அனுப்புங்கள், மாலையில்தான் சற்று வீங்கியிருக்கும்” என்றார். கிராம்பான் கழன்றுவிடாமல் நிற்க அடிப்பாகம் வளையாத பூட்ஸ் வேண்டும், அது என் அளவுக்கே எடுத்து வைக்கப்படும் என்றும் சொன்னார். அன்று மாலை கம்பளிக் காலுறை அணிந்து, ஒரு தாளின்மேல் நின்று, பென்சிலால் கோடு வரைந்து, ஸ்கேலால் அளந்து, 24.5 செ.மீ. என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பவர் ஏமாற்ற மாட்டார் என்று தோன்றிய அந்த நிமிடத்தில்தான் 38,500 ரூபாயையும் ஒரே தவணையில் யு.பி.ஐ. வழியாக அனுப்பினேன்.

முதல் நாள் வண்டி தாமதம் என்று அறையிலேயே கழிந்தது. இரண்டாம் நாள் காலை, மணாலிக்கு அருகே பனி விளையாட்டுகள் நடக்கும் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையில் ஒரு கடை முன்னால் நிறுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் குளிர்கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு விடும் கடைகள் அந்தச் சாலை நெடுகிலும் உண்டு. முதுகில் கடை எண் எழுதிய ஒரு கோட்டும், முந்தையவர் காலின் ஈரம் காயாத, என் பாதத்தைவிட இரண்டு எண் பெரிய ஒரு ரப்பர் கம்பூட்டும் என் கைக்கு வந்தன. அதன்மேல் மாட்ட, ரப்பர் வளையத்தில் சங்கிலி கோத்த மைக்ரோஸ்பைக். அது சமதளத்து உறைபனியில் நடக்க உதவும். சரிவில் ஏற உதவாது. பயிற்சிக்கு வந்த எங்கள் ஏழு பேருக்குப் பனிக்கோடரி இரண்டு.

பனியில் புதைந்தவரைத் தேட ஒவ்வொருவரும் அணிய வேண்டிய டிரான்சீவர் என்னும் சமிக்ஞைக் கருவி ஒன்றே ஒன்று. புதைந்தவரின் கருவி அனுப்பும் சமிக்ஞையை மற்றவர்களின் கருவிகள் பிடித்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். முதல் கால் மணி நேரம் தாண்டினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஒற்றைக் கருவியை வைத்துக்கொண்டு யாரை யார் தேடுவது? அதை ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டிப் படம் எடுத்தார்கள். என் படம் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் இருக்கிறது.

பயிற்றுநராக வந்தவர் இருபது வயதுப் பனிச்சறுக்கு வழிகாட்டி. முந்தின இரவுதான் தன்னை அழைத்தார்கள் என்றும், இது பயிற்சி வகுப்பு என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றும் இந்தியில் தலைகுனிந்து சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு கோடரிகளையும் எங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்து, தோளருகே கூர்முனையைப் பனியில் அழுத்தி உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட வேண்டும் என்றும், கிராம்பான் கட்டியிருந்தால் அதன் முட்கள் பனியில் மாட்டி ஆளையே புரட்டிவிடுமாதலால் கால்களைத் தூக்கிவிட வேண்டும் என்றும் அவராகத்தான் காட்டினார். ஆனால் சோலாங்கில் குழந்தைகள் டியூபில் சறுக்கும் அந்தச் சாய்வில், விழுந்தாலும் நான்கடியில் தானாகவே நின்றுவிடுவோம். அங்கே நிறுத்தப் பழகுவது எப்படி? அடுத்த மூன்று நாட்களும் அதே இடம்தான். ஆறாம் நாள் அருகிலுள்ள அடல் சாலைச் சுரங்கத்தைக் காட்டிவிட்டுப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. தளத்தைக் கேட்டால், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, குழுவிடம் பேசுங்கள் என்கிறது; குழுவைக் கேட்டால், பணம் தளத்திடம் இருக்கிறது என்கிறது. பனி போதாததால் பாடத்திட்டம் மாற்றப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பனி போதாவிட்டால் பூட்ஸ் கம்பூட்டாக மாறிவிடுமா? “அக்கா” என்றழைத்த இளைஞர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். இப்போது “அன்பார்ந்த வாடிக்கையாளரே” என்றுதான் கடிதம் வருகிறது. கடைசியாக, 38,500 ரூபாய்க்கு ஈடாக, அடுத்த பயணத்தில் இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொல்லிப் புகாரை அவர்களாகவே முடித்துவைத்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இத்தகைய பயிற்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கான நிதானம் இல்லை. முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். இமாச்சலச் சுற்றுலாத் துறையில் பெற்ற பதிவு எண்ணையும், பயிற்றுநரின் பெயரையும் அவருடைய சான்றிதழையும் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கோடரி என்று கேளுங்கள். உங்கள் பாதத்தின் அளவை யாராவது அக்கறையாகக் கேட்டால், எடுத்து வைத்திருக்கும் பூட்ஸின் படத்தை அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.